1939 செப்டம்பர்ல போர் அறிவிச்சுட்டு பிரிட்டனும் பிரான்சும் போலந்துக்காக ஏன் சண்டை போடல?

நீங்க மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி ஜெர்மனி மேல போர் அறிவிச்ச பிரிட்டனும் பிரான்சும் அதுக்கப்புறம் எட்டு மாசம் ஏன் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தாங்க, முதல் ரெண்டு வாரத்துல பிரான்ஸ் முழு பலத்தோட மேற்குல இறங்கியிருந்தா ஹிட்லர் கதை அங்கயே முடிஞ்சிருக்குமா, 17ஆம் தேதி சோவியத் படையும் போலந்துக்குள்ள நுழைஞ்சப்ப ஸ்டாலின் மேல மட்டும் ஏன் போர் அறிவிக்கல. ஆனா மூணுக்கும் அடியில நீங்க உண்மையில கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்னு எனக்குப் படுது. வாக்கு குடுத்தப்பவே அதைக் காப்பாத்துற எண்ணம் அவங்களுக்கு இருந்துச்சா?

என் பதில்: போலந்தைப் போர்க்களத்துல காப்பாத்த முடியாதுன்னு லண்டன்ல 1939 வசந்த காலத்துலயே முடிவு பண்ணிட்டாங்க. அந்த முடிவு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அதைப் போலந்துக்காரங்ககிட்ட சொல்லாம மறைச்சாங்க பாருங்க, அதுதான் தப்பு. கல்லூரியில ஐரோப்பிய வரலாறு நடத்தினவன்ங்கிற முறையில பிரிட்டிஷ் ஆவணத் தொகுப்புகளை நிறையவே படிச்சிருக்கேன், ஆனா எனக்கு போலிஷும் ரஷ்யனும் தெரியாது, அந்தப் பக்கத்து விஷயமெல்லாம் மொழிபெயர்ப்பு வழியா வந்தது, அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல அந்த வாக்கு எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். மார்ச் 15ல ஹிட்லர் பிராகுக்குள்ள நுழைஞ்சான். செக்கோஸ்லோவாக்கியாவோட எல்லைப் பகுதியை மட்டும் வாங்கிக்கிட்டு நின்னுக்கிறேன்னு மியூனிக்ல அவன் கையெழுத்து போட்டு அப்ப ஆறு மாசம்கூட ஆகல. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேனுக்கு உள்நாட்டுல முகம் காட்ட முடியாத நிலைமை. மார்ச் 31ஆம் தேதி நாடாளுமன்றத்துல எழுந்து போலந்தோட சுதந்திரத்துக்கு ஆபத்து வந்து அவங்க எதிர்த்து நின்னா பிரிட்டிஷ் அரசு முடிஞ்ச எல்லா ஆதரவும் தரும்னு அறிவிச்சார், பிரான்சும் அதே நிலைன்னு சேர்த்து சொன்னார். கவனிச்சீங்கன்னா சுதந்திரம்னுதான் இருக்கு, எல்லைன்னு இல்ல. டான்சிக் (ஹிட்லர் கேட்டுட்டிருந்த பால்டிக் துறைமுக நகரம்) விஷயத்துல பேசித் தீர்த்துக்க ஒரு கதவைத் திறந்தே வெச்சிருந்தாங்க. அதைவிட முக்கியம், இந்த அறிவிப்புக்குப் பின்னாடி ராணுவத் திட்டம்னு ஒண்ணும் கிடையாது. ஹிட்லரை யோசிக்க வைக்கணும், ரெண்டு பக்கமும் போர் வரும்னு அவனுக்குப் பயம் வரணும், அவ்வளவுதான் நோக்கம். மிரட்டல் பலிச்சா யாரும் சண்டை போட வேண்டியதே இல்ல, பலிக்கலன்னா என்ன செய்யுறதுங்கிற கேள்வியை ராணுவத் தலைவர்கள்கிட்ட விட்டாங்க.

அவங்க ரொம்ப நேர்மையாவே பதில் சொன்னாங்க, ஆனா தங்களுக்குள்ள மட்டும். பிரிட்டிஷ், பிரெஞ்சு தளபதிகள் ஏப்ரல், மே மாசங்கள்ல உக்காந்து பேசினப்ப வந்த முடிவோட சாரம் இதுதான்: போலந்தோட கதி போர் கடைசியில எப்படி முடியுதுங்கறதைப் பொறுத்தது, ஆரம்பத்துல அதுமேல விழுற அழுத்தத்தை நம்மால குறைக்க முடியுமாங்கறதைப் பொறுத்தது இல்ல. அதாவது போலந்து விழும், நாம நீண்ட போர் நடத்துவோம், கடைசியில ஜெயிப்போம், அப்ப திருப்பிக் குடுத்துடலாம். முதலாம் உலகப் போர்ல பெல்ஜியத்துக்கும் செர்பியாவுக்கும் நடந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. இதுல ஒரு கணக்கு இருக்கத்தான் செய்யுது. பிரிட்டன்கிட்ட அப்ப ஐரோப்பாவுக்கு அனுப்பத் தயாரா இருந்தது நாலு டிவிஷன் (பெரிய படைப்பிரிவு), கட்டாய ராணுவ சேவை ஏப்ரல் கடைசியிலதான் அறிவிச்சிருந்தாங்க. கப்பல் படை பெருசு, ஆனா பால்டிக் கடலுக்குள்ள கப்பலை அனுப்பினா ஜெர்மன் விமானத்துக்கு இரை. வரைபடத்தைப் பாத்தாலே தெரியும், பிரிட்டன் போலந்துக்கு நேரடியா ஒரு துப்பாக்கிகூட கொண்டு போய் சேர்க்க முடியாது. கடன் கேட்டு வந்த போலந்துக்கு அவங்க கேட்டதுல சின்னப் பங்குதான் கிடைச்சுது, ஏற்றுமதிக் கடனா சுமார் 80 லட்சம் பவுண்ட், அதுல வாங்கின சாமானும் போருக்கு முன்னாடி போய்ச் சேரல.

பிரான்ஸ் கதை இதைவிட மோசம், ஏன்னா அவங்க தேதி போட்டு எழுதிக் குடுத்திருந்தாங்க. மே 19ஆம் தேதி பாரிஸ்ல பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமெலினும் போலந்து போர் அமைச்சர் காஸ்ப்ஷிட்ஸ்கியும் ஒரு ராணுவ ஒப்பந்தம் போட்டாங்க. ஜெர்மனி போலந்தை அடிச்சா பிரெஞ்சு விமானப்படை உடனே இறங்கும், படை திரட்ட ஆரம்பிச்ச மூணாவது நாள்லேர்ந்து சின்ன அளவுத் தாக்குதல், பதினஞ்சாவது நாள்லேர்ந்து படையோட பெரும்பகுதியை வெச்சுப் பெரிய தாக்குதல். போலந்து தன் போர்த் திட்டத்தையே இதை நம்பித்தான் போட்டுச்சு: ரெண்டு வாரம் தாக்குப் பிடிச்சா போதும், அப்புறம் ஜெர்மன்காரன் பாதிப் படையை மேற்கே திருப்பியாகணும். ஆனா கமெலின் ஒரு ஓட்டை வெச்சிருந்தார். அரசியல் ஒப்பந்தம் கையெழுத்தானாதான் ராணுவ ஒப்பந்தம் செல்லும்னு ஒரு நிலை, அந்த அரசியல் ஒப்பந்தத்தை வெளியுறவு அமைச்சர் போனே இழுத்து இழுத்து, கடைசியில அது கையெழுத்தானது செப்டம்பர் 4ஆம் தேதி. போர் தொடங்கி நாலாவது நாள்! ஜூலையில வார்சா போயிட்டு வந்த பிரிட்டிஷ் ஜெனரல் ஐயன்சைடு, பிரெஞ்சுக்காரங்க தாக்கப்போறோம்னு போலந்துகிட்ட சொல்றது பொய், அப்படி ஒரு எண்ணமே அவங்களுக்கு இல்லன்னு தன் டைரியில எழுதி வெச்சிருக்கார். தெரிஞ்சுதான் இருந்துச்சு, ஆனா வார்சாவுக்கு யாரும் சொல்லல.

ஏன் சொல்லலங்கறதுக்கு ஆவணத்துல நேரடியா ஒரு வரி எடுத்துக் காட்ட முடியாது, இது என் ஊகம்: சொன்னா போலந்து பயந்துபோய் ஹிட்லர்கிட்ட சமரசம் பேசிடும், அப்புறம் கிழக்குல ஒரு போர்முனையே இருக்காது. பிரெஞ்சுத் தளபதிகளுக்கு போலந்து ஒரு நேரம் வாங்குற கருவி, ஜெர்மன் படை முதல் அடியை அங்க போட்டா பாரிசுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கசப்பான விஷயம், ஆனா அவங்க நடந்துக்கிட்டதுக்கு இந்த விளக்கம்தான் பொருந்துது.

ஆகஸ்ட் மாசத்துக்கு வந்தா ராஜதந்திரம் பக்கம் எல்லாமே வேகமாயிடுது. மாஸ்கோவுல பிரிட்டிஷ் அட்மிரல் டிராக்ஸும் பிரெஞ்சு ஜெனரல் டூமெங்கும் சோவியத்தோட ராணுவக் கூட்டணி பேசப் போனாங்க, விமானத்துல இல்ல, மெதுவா போற ஒரு பயணிகள் கப்பல்ல. போய்ச் சேர்ந்தா டிராக்ஸ் கையில ஒப்பந்தம் போடுற அதிகாரத்துக்கான எழுத்துப் பத்திரமே இல்ல. ஆகஸ்ட் 14ல சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வோரஷிலோவ் நேரா ஒரு கேள்வி கேட்டார்: ஜெர்மனியோட சண்டை போட எங்க செஞ்சேனை (சோவியத் ராணுவம்) போலந்து வழியா போக போலந்து சம்மதிக்குமா? பதில் இல்ல. போலந்து வெளியுறவு அமைச்சர் பெக் கடைசிவரை முடியாதுன்னுட்டார், உள்ள வந்த ரஷ்யன் திரும்பிப் போக மாட்டான்னு அவர் பயந்தது அநியாயம்னு சொல்ல முடியல, பின்னாடி நடந்ததைப் பாத்தா. 23ஆம் தேதி ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் மாஸ்கோவுல இறங்கி ஒருத்தரை ஒருத்தர் தாக்க மாட்டோம்னு ஒப்பந்தம் போட்டாச்சு, கூடவே ரகசிய இணைப்பு, நாரெவ், விஸ்துலா, சான் ஆறுகளை ஒட்டி போலந்தை ரெண்டாப் பிரிச்சு.

ஹிட்லர் 26ஆம் தேதி விடியக்காலை தாக்குறதா இருந்தான். 25ஆம் தேதி ரெண்டு விஷயம் நடந்துச்சு, பிரிட்டனும் போலந்தும் பரஸ்பர உதவி ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, அதே நாள் முசோலினி இப்ப என்னால போருக்கு வர முடியாது, தளவாடம் இல்லன்னு கடிதம் அனுப்பினான். ஹிட்லர் தாக்குதலை நிறுத்தினான். அதாவது அந்த மிரட்டல் ஆறு நாள் வேலை செஞ்சுது, அதுக்கு மேல இல்ல. பிரிட்டன் கடைசி நேரத்துல பின்வாங்கிடும்னு அவன் நினைச்சிட்டிருந்தான், மியூனிக் குடுத்த தைரியம்.

இதுக்கு நடுவுல ஒரு கொடுமை நடந்தது, அதிகம் பேசப்படாத ஒண்ணு. ஆகஸ்ட் 29ல போலந்து முழுப் படை திரட்டலுக்கு உத்தரவு போட்டு சுவரொட்டி ஒட்ட ஆரம்பிச்சுது. பிரிட்டிஷ், பிரெஞ்சு தூதர்கள் ஓடிப்போய், பேச்சுவார்த்தை நடக்குது, இப்ப இதைச் செஞ்சா ஹிட்லருக்கு சாக்கு கிடைச்சிடும், நிறுத்துங்கன்னு கெஞ்சினாங்க. போலந்து நிறுத்திட்டு மறுநாள் மறுபடி உத்தரவு போட்டுச்சு. ரயில்ல ஏற வேண்டிய ஆளுங்க குழம்பிப் போய், செப்டம்பர் 1 காலையில ஜெர்மன் போர்க்கப்பல் ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், டான்சிக் ஓரமா இருந்த போலந்து ராணுவக் கிடங்கு வெஸ்டர்பிளாட்டேயை சுட ஆரம்பிச்சப்ப போலந்துப் படையில கணிசமான பகுதி இன்னும் இடத்துக்கே வந்து சேரல. கூட்டாளி உதவிக்கு வரலங்கறது ஒரு பக்கம், வீட்டுக்காரன் கதவைத் தாழ் போடப் போனதையும் கையைப் பிடிச்சுத் தடுத்தாங்க.

செப்டம்பர் 1 காலையில தாக்குதல், போர் அறிவிப்பு 3ஆம் தேதி. நடுவுல ரெண்டு நாள் என்ன ஆச்சு? முசோலினி மாநாடு வெக்கலாம்னு ஒரு யோசனை விட்டான், போனே அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டார், பிரெஞ்சுத் தளபதிகளோ குண்டு விழறதுக்கு முன்னாடி மக்களை வெளியேத்தி படை திரட்ட நேரம் வேணும்னாங்க. 2ஆம் தேதி சாயந்திரம் சேம்பர்லேன் நாடாளுமன்றத்துல கெடு எதுவும் சொல்லாம பேசினதும் அவர் கட்சிக்காரங்களே கொதிச்சுப் போயிட்டாங்க. எதிர்க்கட்சியைச் சேர்ந்த கிரீன்வுட் எழுந்ததும் ஆளுங்கட்சி வரிசையிலேர்ந்து ஏமரி, இங்கிலாந்துக்காக நீ பேசுன்னு கத்தினது அப்பதான். அன்னைக்கு ராத்திரியே கேபினட் கூடி, மறுநாள் காலை 9 மணிக்கு அல்டிமேட்டம், 11 மணிக்குக் கெடு முடிஞ்சு போர். பிரான்ஸ் சாயந்திரம் 5 மணிக்கு. ரெண்டு அரசும் சேர்ந்து ஒரே நேரத்துல அறிவிக்கக்கூட முடியல. அன்னைக்கே டெல்லியில வைஸ்ராய் லின்லித்கோ ஒரு இந்தியத் தலைவரையும் கேக்காம இந்தியாவும் போர்ல இருக்குன்னு அறிவிச்சார், அதை எதிர்த்துதான் காங்கிரஸ் மாகாண அரசுகள் விலகுச்சு, சென்னையில ராஜாஜி அமைச்சரவை அக்டோபர் கடைசியில போனது அந்தக் காரணத்தாலதான். நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இந்தப் பாதி தெரியும், வார்சா பாதி தெரியாது.

இனி களத்துக்கு வருவோம். ஜெர்மனி சுமார் 15 லட்சம் பேரை போலந்து மேல அனுப்புச்சு, பான்சர் (டாங்க்) டிவிஷன் எல்லாமே கிழக்கேதான். செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கினதுல ஸ்லோவாக்கியாவும் அவன் கையில, அதனால போலந்துக்கு வடக்கு, மேற்கு, தெற்கு மூணு பக்கமும் எதிரி. போலந்துத் தலைமைத் தளபதி ரிட்ஸ்-ஸ்மிக்லி படையை எல்லை முழுக்க மெல்லிசா பரப்பினார், ஆத்துக்குப் பின்னாடி இழுத்து வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இன்னைக்கு யார் வேணா சொல்லலாம், ஆனா தொழிற்சாலை எல்லாம் மேற்குல இருந்துச்சு, அதோட இன்னொரு பயம்: ஜெர்மனி டான்சிக்கையும் ஒரு துண்டு நிலத்தையும் மட்டும் பிடிச்சுட்டு நின்னுடுச்சுன்னா, அங்க சண்டையே நடக்கலன்னா, லண்டனும் பாரிசும் இதுக்கெல்லாம் போரான்னு கைகழுவிடும். எல்லையிலேயே சண்டை நடந்தாதான் கூட்டாளி வருவான்னு நினைச்சு எல்லையில நின்னாங்க. எட்டாவது நாளே ஜெர்மன் நாலாவது பான்சர் டிவிஷன் வார்சா ஓரத்துக்கு வந்திடுச்சு, 9ஆம் தேதி ஓஹோட்டா பகுதியில அதை அடிச்சுத் துரத்தினாங்க, அதே நாள் ப்சூரா ஆத்தங்கரையில ஜெனரல் குட்ஷெபா திருப்பித் தாக்கி ஜெர்மன்காரங்களைக் கொஞ்ச நாள் திணற வெச்சார். குதிரைப்படை ஈட்டியோட டாங்க் மேல பாஞ்சுதுங்கற கதையை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, குரோயான்டில நடந்தது காலாட்படை மேல நடந்த தாக்குதல், நடுவுல ஜெர்மன் கவச வண்டி வந்து சேர்ந்துடுச்சு, பின்னாடி அந்த இடத்தைப் பாத்த பத்திரிகைக்காரங்க எழுதினதுதான் மீதி எல்லாம்.

அதே நேரம் மேற்குல என்ன? பெல்ஜியம் 1936லயே நடுநிலைன்னு ஒதுங்கிட்டதால பிரான்சுக்கு ஜெர்மனியோட மோத இருந்த வழி ரைனுக்கும் மோசலுக்கும் நடுவுல இருக்குற குறுகலான துண்டு, எதிர்ல ஜெர்மனி எல்லையில கட்டியிருந்த சீக்ஃப்ரிட் அரண் வரிசை. செப்டம்பர் 7லேர்ந்து பிரெஞ்சுப் படை சார் பகுதியில எல்லையைத் தாண்டுச்சு. ஏறக்குறைய பத்து டிவிஷன் இறங்கி, அதிகபட்சம் எட்டு கிலோமீட்டர் உள்ள போய், சில கிராமங்களையும் வார்ன்ட் காட்டோட ஒரு பகுதியையும் பிடிச்சாங்க, அந்த ஊர்ல எல்லாம் ஆளைக் காலி பண்ணிட்டு கண்ணிவெடி வெச்சுட்டுப் போயிருந்தான் ஜெர்மன்காரன். அரண் வரிசையைத் தொடவே இல்ல. 12ஆம் தேதி பிரான்சுல அப்வில் ஊர்ல சேம்பர்லேன், பிரெஞ்சுப் பிரதமர் டலாடியே, கமெலின் எல்லாரும் கூடின முதல் உச்ச போர்க் கவுன்சில்ல இதை இத்தோட நிறுத்திக்கலாம்னு முடிவு. ஒப்பந்தப்படி பெரிய தாக்குதல் வர வேண்டிய பதினஞ்சாவது நாளுக்கு இன்னும் அஞ்சு நாள் இருந்துச்சு.

இங்கதான் எனக்குக் கமெலின் மேல கோவம் வருது. அந்த நாட்கள்ல ரிட்ஸ்-ஸ்மிக்லி தாக்குதல் எங்கன்னு கேட்டு அனுப்பினப்ப, வடகிழக்கு முனையில இருக்குற எங்க முறைப்படையில பாதிக்கு மேல சண்டையில இருக்குன்னு பதில் போனது. அப்பட்டமான பொய். நிறுத்திட்டோம்ங்கற முடிவையும் போலந்துக்குச் சொல்லல. அங்க ஒருத்தன் இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு நம்பி ஆள் ஆளா சாகக் குடுத்துட்டு இருக்கான். அக்டோபர்ல பிரெஞ்சுக்காரங்க பிடிச்ச கிராமங்களையும் விட்டுட்டு பழைய இடத்துக்கே வந்துட்டாங்க.

வானத்துல என்ன செஞ்சாங்கன்னும் பாத்துடலாம். 4ஆம் தேதி பிரிட்டிஷ் விமானங்கள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் பக்கம் ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்கப் போச்சு, போன 29 விமானத்துல 7 திரும்பல, சேதம் கொஞ்சம்தான். ராத்திரியில ஜெர்மன் நகரங்கள் மேல போட்டது குண்டு இல்ல, துண்டுப் பிரசுரம், லட்சக்கணக்குல. நகரங்கள் மேல குண்டு போடாதீங்கன்னு ரூஸ்வெல்ட் கேட்டதுக்கு ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டிருந்தாங்க, ஜெர்மனி போலந்து ஊர்களான வெலூன், வார்சா மேல குண்டு போட்ட அப்புறமும் அதையே பிடிச்சுட்டு நின்னாங்க, முக்கியமா பிரான்ஸ்தான் வேணாம்னுச்சு, பதிலுக்கு ஜெர்மன் விமானப்படை பிரெஞ்சு விமானத் தொழிற்சாலையைப் பொசுக்கிடும்னு பயம். பிரிட்டிஷ் விமான அமைச்சர் கிங்ஸ்லி வுட், ஜெர்மன் காட்டைக் கொளுத்தலாமான்னு கேட்டதுக்கு, அது தனியார் சொத்தாச்சேன்னு அலறினாராம், நெட்ல எங்க பாத்தாலும் இருக்கும் இந்தக் கதை. இது அரசுக் குறிப்புல உள்ளது இல்ல, அவரை எதிர்த்த எம்.பி.க்கள் பின்னாடி எழுதின நினைவுக் குறிப்பு வழியா வந்தது. நடந்திருக்கலாம், ஆனா சாட்சியா வெச்சுப் பேசாதீங்க.

கடல்ல மட்டும் நிஜமான போர் முதல் நாளே ஆரம்பிச்சுடுச்சு. 3ஆம் தேதி சாயந்திரமே அதீனியா பயணிகள் கப்பலை நீர்மூழ்கி முக்கிடுச்சு, 17ல விமானந்தாங்கிக் கப்பல் கரேஜியஸ், அக்டோபர் 14ல ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ராயல் ஓக். அதனால எட்டு மாசமும் சும்மா இருந்தாங்கன்னு மொத்தமா சொல்றது மாலுமிகளுக்குச் செய்யுற அநியாயம்.

சரி, அந்தப் பெரிய கேள்வி. பிரான்ஸ் முழுசா அடிச்சிருந்தா? ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்றவங்க எல்லாரும் எடுத்துப் போடுறது ஜெர்மன் ஜெனரல் யோடில், போருக்கப்புறம் நடந்த நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில சொன்னதைத்தான், மேற்குல 110 பிரெஞ்சு, பிரிட்டிஷ் டிவிஷன் எங்க 23 டிவிஷனுக்கு எதிர்ல அசையாம நின்னதாலதான் நாங்க 1939ல விழலன்னு. இதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. அவர் குற்றவாளிக் கூண்டுல நின்னு பேசுற ஆளு. எண்ணிக்கையும் செப்டம்பருக்குப் பொருந்தாது, பிரிட்டிஷ் டிவிஷன் ஒண்ணுகூட செப்டம்பர்ல முனையில இல்ல, நாலு டிவிஷன் இடத்துக்கு வந்ததே அக்டோபர்லதான், பிரெஞ்சுப் படையும் செப்டம்பர் நடுவுல பாதி ரிசர்வ் ஆளுங்களைத் திரட்டிட்டே இருந்துச்சு, அதுல ஒரு பங்கு இத்தாலி எல்லையிலயும் வட ஆப்பிரிக்காவுலயும் நின்னுச்சு. ஜெர்மன் பக்கம் மேற்குல முப்பதுக்கு மேல டிவிஷன் ஜெனரல் லேப் தலைமையில இருந்துச்சு, ஆனா அதுல முதல் தரமானது சுமார் பன்னெண்டுதான், டாங்க் கிடையாது, விமானம் கொஞ்சம். ஆக, பிரான்சுக்கு மேல்கை இருந்துச்சுங்கறது உறுதி, அஞ்சுக்கு ஒண்ணுங்கறது மிகை.

அந்த மேல்கையைப் பயன்படுத்துற படையா அதுங்கறதுதான் சந்தேகம். 1918ல கத்துக்கிட்ட பாடம்தான் அவங்க வேதம்: பீரங்கியைக் கொண்டு வந்து அடுக்கு, வாரக்கணக்குல சுடு, அப்புறம் கொஞ்சம் நகரு, மறுபடி பீரங்கியை இழு. அந்தக் கனரக பீரங்கியே கிடங்குல இருந்து வெளிய எடுத்து முனைக்கு வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். ஆள் திரட்டி முடிக்கிறதுக்குள்ள போலந்து கதை முடிஞ்சு ஜெர்மன் டிவிஷன்கள் ரயில்ல மேற்கே வந்துடும். இதையெல்லாம் வெச்சுப் பாத்தா கமெலின் கையில இருந்த படையால, அவர் அறிஞ்ச முறையில, போலந்தைக் காப்பாத்தியிருக்க முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது. வேற தளபதி, வேற பயிற்சி இருந்திருந்தா சார் தொழில் பகுதியைப் பிடிச்சு ஹிட்லருக்குப் பெரிய தலைவலி குடுத்திருக்கலாம்னு சொல்றவங்க நல்ல வரலாற்றாசிரியர்கள்லயும் இருக்காங்க, அவங்க வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1939லயே போர் முடிஞ்சிருக்கும்ங்கறது மட்டும் நிரூபிக்கவே முடியாத ஆசை.

அப்ப சோவியத்? ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒப்பந்தம் போட்ட அப்புறமும் ஸ்டாலின் உடனே இறங்கல. செப்டம்பர் 3லேர்ந்தே ரிப்பன்ட்ராப், உங்க பங்கை வந்து எடுத்துக்கோங்கன்னு மாஸ்கோவை நச்சரிச்சுட்டு இருந்தான். ஸ்டாலின் ரெண்டு விஷயத்துக்குக் காத்திருந்தான்னு தெரியுது, போலந்து நிஜமா உடையணும், மங்கோலிய எல்லையில கல்கின் கோல்ல ஜப்பானோட நடந்துட்டு இருந்த சண்டை ஓயணும். அந்தச் சண்டை நிறுத்தம் செப்டம்பர் 15ல ஒப்பந்தமாச்சு, 17 விடியக்காலை செஞ்சேனை போலந்துக்குள்ள. ராத்திரி 3 மணிக்கு போலந்துத் தூதர் க்ஷிபோவ்ஸ்கியை எழுப்பிக் கூட்டிட்டுப் போய், போலந்து அரசுன்னு ஒண்ணு இனிமே இல்ல, அங்க இருக்குற உக்ரைனிய, பெலாரஸ் மக்களைப் பாதுகாக்க வர்றோம்னு ஒரு குறிப்பை வாசிச்சாங்க, அவர் அதை வாங்கிக்க மறுத்துட்டார். அன்னைக்கு ராத்திரியே போலந்து அரசு ருமேனியா எல்லையைத் தாண்டுச்சு. வார்சா மட்டும் 28 வரைக்கும் தாங்குச்சு, கடைசிச் சண்டை கோட்ஸ்க்ல அக்டோபர் 6ல முடிஞ்சுது.

சோவியத் மேல போர் அறிவிக்காததுக்கு சட்டப்படி ஒரு பதில் இருக்கு, பாக்குறதுக்கு அசிங்கமா இருந்தாலும். ஆகஸ்ட் 25 ஒப்பந்தத்துல ஒரு ஐரோப்பிய வல்லரசு தாக்கினா உதவின்னு பொதுவா இருக்கும், கூடவே ஒரு ரகசிய இணைப்பு, அந்த வல்லரசுன்னா ஜெர்மனின்னு, வேற யாராவது தாக்கினா கலந்து பேசுவோம்னு மட்டும். இதுல போலந்தும் கையெழுத்து போட்டிருக்கு, அதனால இந்த ஒரு விஷயத்துல ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல முடியாது. 1945லதான் அது வெளிய வந்துச்சு, அதுவரைக்கும் பொதுமக்களுக்கு இது ஏன்னு புரியல. சட்டத்தைத் தாண்டின காரணம் ரொம்ப எளிது, ஜெர்மனியையே அடிக்க முடியாதவன் கூட இன்னொரு எதிரியைச் சேர்த்துக்குவானா? இந்த ஜோடி ரொம்ப நாள் நிலைக்காதுன்னு ஒரு நம்பிக்கையும் இருந்துச்சு. அக்டோபர் 1ல சர்ச்சில் ரேடியோவுல, ரஷ்யப் படை அந்தக் கோட்டுல நிக்கிறது நாஜி ஆபத்துக்கு எதிரா ரஷ்யாவோட பாதுகாப்புக்குத் தேவைன்னே பேசினார். அதே மாசம் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுக்கள் சபையில, சோவியத் பிடிச்ச எல்லை கிட்டத்தட்ட முன்னாடி கர்சன் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரா இருந்த காலத்துல போலந்தோட கிழக்கு எல்லைக்குச் சிபாரிசு பண்ணின கோடுதான்னு சொன்னார். பாரிஸ்ல சிகோர்ஸ்கி தலைமையில அப்பதான் உருவாகியிருந்த போலந்து அரசுக்கு இதைக் கேக்க எப்படி இருந்திருக்கும்!

ஆனா சோவியத் மேல கை வெக்கவே மாட்டாங்கன்னு இதை வெச்சு முடிவு கட்டிடாதீங்க. நவம்பர் 30ல ஸ்டாலின் பின்லாந்து மேல பாஞ்சதும் இதே லண்டனும் பாரிசும் தலைகீழா மாறுச்சு. டிசம்பர் 14ல சோவியத்தை சர்வதேச சங்கத்துலேர்ந்து வெளியேத்தினாங்க. பின்லாந்துக்கு உதவின்னு பேர்ல நார்வேயோட நார்விக் துறைமுகம் வழியா படையை அனுப்பி, போற வழியில ஜெர்மனிக்கு இரும்புத் தாது குடுக்குற ஸ்வீடன் சுரங்கங்களையும் பிடிச்சுக்கலாம்னு திட்டம், சோவியத்தோட பாகு எண்ணெய் வயல் மேல குண்டு போடலாமான்னுகூட யோசனை. நார்வேயும் ஸ்வீடனும் வழி விட மாட்டோம்னு நின்னதாலயும், 1940 மார்ச் 12 ராத்திரி பின்லாந்து மாஸ்கோவுல கையெழுத்து போட்டு மறுநாள் சண்டை ஓய்ஞ்சதாலயும் அந்தப் படை கிளம்பாம நின்னுச்சு. ஒரு வாரம் கழிச்சு டலாடியே பதவி போனதும் அதனாலதான், போலந்துக்காக இல்ல.